இசைத்தட்டுக்கு எந்தக் குளியல்?

பரணை ஒழுங்குபடுத்தும்போது பழைய டிரங்குப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. உள்ளே இருபது முப்பது இசைத்தட்டுகள். உறைகளைக் கரப்பான் அரித்திருக்கிறது. தட்டுகளின் மேல் புழுதி, எண்ணெய்க் கை பட்ட தடங்கள், ஆங்காங்கே வெண்புள்ளிகளாகப் பூசணம். ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதாதா?

போதாது. ஏன் போதாது என்று தெரிந்துகொண்டால், சந்தையில் விற்கும் கருவிகளில் எது வேலைக்கு ஆகும், எது ஆகாது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

எல்.பி. எனப்படும் நீண்ட நேர இசைத்தட்டு 1948-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வட்டக் கோடுகள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு பள்ளம். அது விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக நடுவை நோக்கிச் செல்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 667 சுற்றுகள். சராசரி ஆரம் 10 செ.மீ. என்று வைத்துப் பள்ளத்தின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 400 மீட்டருக்குச் சற்று மேலே வரும். விளையாட்டுத் திடலின் ஓட்டப் பாதையை ஒரு முறை சுற்றிவரும் தூரம்!

நீளம் இப்படி, அகலமோ சுமார் 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, ஒரு முடிகூட முழுதாக இறங்க முடியாத பள்ளம் அது. இரண்டு சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் அடியில் சந்திக்கின்றன. இசை முழுவதும் அந்தச் சுவர்களின் நெளிவுகளாகவே பதிந்திருக்கிறது.

நெளிவு எவ்வளவு பெரியது? தட்டின் உட்பகுதியில், ஆரம் 6 செ.மீ. உள்ள இடத்தில், பள்ளம் ஊசியைக் கடந்து செல்லும் வேகம் வினாடிக்குச் சுமார் 21 செ.மீ. அங்கே 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலி பதிவாகியிருந்தால் ஓர் அலையின் நீளம் 21 மைக்ரான். அதே இடத்தில் 20 மைக்ரான் தூசு ஒன்று ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். தூசும் அலையும் ஏறக்குறைய ஒரே அளவு. எது இசை, எது அழுக்கு என்று ஊசிக்குத் தெரியாது. இரண்டையும் ஒலியாக்கிவிடும். அதுதான் நாம் கேட்கும் ‘பட்பட்’ ஓசை.

ஓசையோடு போனால் பரவாயில்லை. ஊசியின் மேல் வைக்கும் எடை 2 கிராம் அளவுதான். ஆனால் ஊசிமுனை சுவரைத் தொடும் பரப்பு மிகச் சிறிது. அதை 100 சதுர மைக்ரான் என்று வைத்துக்கொண்டு, விசையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 2,000 மடங்கு வரும். இவ்வளவு அழுத்தத்தோடு ஊசி ஒரு மணல்துகளைச் சுவரில் தேய்த்தால் சுவர் கீறிவிடும். அந்தக் கீறலை எந்தக் கருவியாலும் கழுவ முடியாது. ஆகவே, ‘ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் கழுவுவோம்’ என்ற ஆசை வேண்டாம்.

கழுவுமுன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். தட்டு எதனால் ஆனது? பெயர்ச்சீட்டில் 33⅓ அல்லது 45 என்று இருந்தால் அது பெரும்பாலும் வினைல். இது வினைல் குளோரைடு, வினைல் அசிட்டேட் ஆகிய இரண்டும் சேர்ந்த பிளாஸ்டிக். 78 என்று இருந்தால் அதை அரக்குத் தட்டு என்றே கொள்ளுங்கள். கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் உடையும். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்திச் செய்தவை அவை. உலகெங்கும் செய்த தட்டுகளுக்கு அரக்கு பெருமளவில் இந்தியாவிலிருந்தே போயிற்று. தச்சர்கள் மரச்சாமான்களுக்கு மெருகு போட அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரக்குத் தட்டின் மேல் ஸ்பிரிட் கலந்த திரவத்தை ஊற்றினால் அதே கரைசல்தான் நடக்கும். பாட்டு மெருகாகி வழிந்துவிடும்! 1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை இன்று நாம் அறிவது இத்தகைய தட்டுகளின் வழியாகத்தான். கடையில் வாங்கும் கழுவுதிரவம் எதுவானாலும் அதில் ஆல்கஹால் உண்டா என்று படித்துப் பார்க்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

இனி வினைலுக்கு வருவோம். வினைல் நல்ல மின்கடத்தாப் பொருள். உறையிலிருந்து உருவும்போதே உராய்வினால் அதன்மேல் மின்னூட்டம் ஏறுகிறது. தலைசீவிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதுபோல், தட்டு காற்றிலுள்ள தூசை இழுக்கிறது. உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க மின்னூட்டம் கூடுமே தவிரக் குறையாது. கார்பன் இழைத் தூரிகை இதற்கு நல்ல மாற்று. அதன் ஓர் இழையின் தடிமன் சுமார் 7 மைக்ரான்; பள்ளத்துக்குள் இறங்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னூட்டமும் கை வழியே ஓரளவு வெளியேறும். ஆனால் இது அன்றாடத் தூசுக்கு ஏற்ற கருவி. பரணில் கிடந்த தட்டில் எண்ணெயும் புழுதியும் கலந்து சேறாகக் காய்ந்திருக்கும். அதன்மேல் உலர் தூரிகையை ஓட்டினால் மணலை வைத்துத் தேய்த்த கதைதான்.

காய்ந்த அழுக்குக்குத் தண்ணீர்தான் வழி. ஆனால் வெறும் தண்ணீரை வினைலின் மேல் விட்டால் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பரப்பு இழுவிசை அதைப் பரவ விடுவதில்லை. அயனியற்ற வகையைச் சேர்ந்த ஈரமாக்கும் பொருளைச் சில துளிகள் சேர்த்தால் இழுவிசை குறைந்து நீர் பள்ளத்தின் அடிவரை இறங்கும். ஒலிப்பதிவுக் காப்பகங்கள் இத்தகைய கலவையைப் பயன்படுத்துகின்றன. பாத்திரம் கழுவும் திரவம் கூடாதா என்று கேட்பீர்கள். அதிலுள்ள மணமும் நிறமும் பள்ளத்தில் தங்கிவிடும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வெந்நீரும் வேண்டாம். 60 பாகை சென்டிகிரேடை நெருங்கும்போது வினைல் நெகிழத் தொடங்கும். தட்டு அப்பளமாக வளைந்துவிடும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கட்டம் வருகிறது. கழுவுதல் என்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. அழுக்கைச் சுவரிலிருந்து பெயர்ப்பது ஒன்று. பெயர்த்த அழுக்கைத் தட்டைவிட்டே அகற்றுவது மற்றொன்று. முதல் வேலையைத் தூரிகையும் சோப்பும் செய்துவிடும். இரண்டாவதைச் செய்யாவிட்டால், மிதந்துகொண்டிருந்த அழுக்கு நீர் ஆவியானதும் பள்ளத்தின் அடியில் முன்னைவிட ஒழுங்காகப் படிந்துவிடும்.

அழுக்கை விடுங்கள், தண்ணீரே என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிணற்று நீர் ஒன்றில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாகக் கொள்வோம். கழுவியபின் தட்டின் இரு பக்கங்களிலும் சேர்த்து 5 மி.லி. நீர் தங்குகிறது. அது உலர்ந்தால் 2.5 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். உப்பின் அடர்த்தியை 2.5 என்று வைத்தால் அதன் கனஅளவு ஒரு கன மில்லிமீட்டர். ‘பூ, இவ்வளவுதானா?’ என்கிறீர்களா? அதைப் பக்கத்துக்கு 10 மைக்ரான் உள்ள கனசதுரங்களாக வெட்டினால் எத்தனை வரும் தெரியுமா? பத்து லட்சம்! பள்ளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆயிரத்துக்கு மேல் துகள்கள். காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும், அதையும் ஆவியாக விடாமல் அகற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த அளவுகோலை வைத்துக் கருவிகளைப் பாருங்கள். மிக எளியது தொட்டிவகை. குறுகிய தொட்டியில் திரவத்தை ஊற்றி, இரு புறமும் தூரிகைகளுக்கு நடுவே தட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கையால் சுழற்றுவது. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவதில் கோட்டை விடும். பத்தாவது தட்டு வரும்போது ஒன்பது தட்டுகளின் அழுக்கும் அந்தத் தொட்டியில்தானே இருக்கிறது?

உறிஞ்சுவகை இதற்கு மாற்று. தட்டைக் கிடையாக வைத்துத் திரவம் பூசித் தூரிகையால் தேய்த்தபின், நீள்வாய்க் குழாய் ஒன்று அழுக்கு நீரை அப்படியே உறிஞ்சி வேறு கலத்துக்குக் கொண்டுபோகிறது. குழாயின் வாயில் வெல்வெட் பட்டை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பட்டையே அழுக்கைச் சேர்த்துக்கொண்டு அடுத்த தட்டுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. கழுவ ஒன்று, அலச ஒன்று என இரண்டு குழாய்கள் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் பெர்சி வில்சன் என்பவரின் யோசனையிலிருந்து கீத் மாங்க்ஸ் உருவாக்கிய இயந்திரம் இதைவிட அழகான தீர்வு கண்டது. அதன் உறிஞ்சுமுனை மிகச் சிறியது. பள்ளத்தின் போக்கில் மெதுவாக நகரும். முனைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நூல். ஒரு கண்டிலிருந்து நூல் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் தட்டைத் தொடுவது எப்போதும் சுத்தமான நூல்தான். தையல் இயந்திரத்தைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் புதிரல்ல, ஆனாலும் என்ன சாமர்த்தியம்!

மூன்றாவது மீயொலிவகை. நீரில் மீயொலி அலைகளைச் செலுத்தினால் நுண்குமிழிகள் தோன்றிச் சட்டென்று நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழி பக்கத்திலுள்ள அழுக்கைப் பெயர்க்கிறது. அதிர்வெண் கூடக் கூடக் குமிழி சிறிதாகும். 40 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக் குமிழியின் விட்டம் சுமார் 160 மைக்ரான். 120 கிலோஹெர்ட்ஸில் சுமார் 55 மைக்ரான், அதாவது ஏறக்குறைய நம் பள்ளத்தின் அகலம். நகைக்கடைக்கு ஏற்ற 40 கிலோஹெர்ட்ஸ் தொட்டியை விட்டு, இசைத்தட்டுக்கென்றே 120 கிலோஹெர்ட்ஸ் இயந்திரம் செய்தவர்களின் கணக்கு இப்போது புரிகிறதல்லவா? தூரிகை எட்டாத இடத்தையும் இது எட்டும். ஆனால் இதுவும் தொட்டிதான். நீரை வடிகட்டாவிட்டால் அதே பழைய கதை.

ஆகவே, பூசணமும் சேறும் படிந்த தட்டுக்கு என் தேர்வு இது: முதலில் தொட்டியில் ஊறவைத்துத் தேய்ப்பது, பிறகு புதிய வடிநீரால் அலசுவது, கடைசியில் உறிஞ்சி உலர்த்துவது. கையில் இருக்கும் பணம் ஒரு கருவிக்கே போதும் என்றால் உறிஞ்சியை வாங்குங்கள். தொட்டியின் வேலையைத் தூரிகையும் பொறுமையும் செய்துவிடும். வீட்டிலுள்ள தூசு உறிஞ்சியோடு குழாயை இணைக்க நினைத்தால் அது ஈரத்தையும் உறிஞ்சத்தக்கதா என்று முதலில் பாருங்கள். உலர்வகையில் நீர் மோட்டாருக்குள் போய் மின்அதிர்ச்சி உண்டாகலாம்.

தூரிகையைப் பள்ளத்தின் போக்கிலேயே ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். பூசணத் தட்டுகளைத் தனியாக, மூக்கை மூடிக்கொண்டு கழுவுங்கள். அந்தத் திரவத்தை வேறு தட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் மீண்டும் செருகவும் கூடாது. பூசணத்தின் வித்துகள் அதில்தான் காத்துக்கொண்டிருக்கின்றன.