செரிமரத்தின் வேரழுகல்: மருந்து எப்போது உதவும்?

சென்ற ஆண்டு எமது பாடசாலைப் பெற்றோர் ஒருவர் தம் வீட்டுச் செரிமரத்தைப் பார்வையிட என்னை அழைத்திருந்தார். இலைகள் சிறுத்து மஞ்சளித்து, கோடை முடியுமுன்னரே உதிர்ந்துகொண்டிருந்தன. நீர் போதவில்லை என்றெண்ணி அவர் நாள்தோறும் நீரூற்றினார். அடிமரத்து மண்ணை விலக்கிப் பட்டையைச் சற்றே சீவியபோது, வெண்மையாக இருக்கவேண்டிய உள்ளிழையம் செங்கபில நிறமாக அழுகியிருந்தது. அவர் அன்போடு ஊற்றிய நீரே நோய்க்குத் துணைபோயிற்று.

மாணவர்களே, இந்நோயை விளைவிப்பது பைற்றொப்தோரா என்னும் நுண்ணுயிர். ‘தாவர அழிப்பான்’ எனப் பொருள்படும் இக்கிரேக்கப் பெயரை 1876 இல் ஜேர்மன் அறிஞர் அன்ரன் டி பாரி சூட்டினார். 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைப் பாழாக்கிப் பெரும்பஞ்சத்துக்கு வித்திட்டது இப்பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனமே. பெற்றோர்கள் அறிந்த தென்னங்குருத்தழுகலுக்கும் இதன் உறவினம் ஒன்று காரணமாகும்.

தோற்றத்தில் பங்கசு போன்றிருப்பினும் இது உண்மையான பங்கசு அன்று. பங்கசுக்களின் கலச்சுவரில் கைற்றின் உண்டு. இதன் கலச்சுவரிலோ செலுலோசு உண்டு. கபில அல்காக்களே இதற்கு நெருங்கிய உறவு. பங்கசுநாசினிகள் பல, பங்கசு தனக்குத் தேவையான எர்கொசுத்தரோலை ஆக்கவிடாது தடுப்பவை. அப்பொருளை ஆக்காத உயிரிடம் அவை என்ன செய்யும்? கடையில் கண்ட போத்தலை வாங்குவோர் பணத்தை இழப்பது இதனாற்றான்.

மண் நீரால் நிறையும்போது இதன் இயங்குவித்திகள் இரண்டு சவுக்குமுளைகளால் நீந்தி வேரை அடைகின்றன.

ஏற்ற மருந்துகள் இருவகைப்படும். மெற்றலக்சில், மெபனொக்சாம் ஆகியவை மண்ணிலிருந்து வேரால் உறிஞ்சப்பட்டுக் காழ்வழியே மேலேறி, நோயுயிரின் ஆர்.என்.ஏ. ஆக்கத்தைத் தடுக்கின்றன. பொசெற்றைல் அலுமினியம் முதலான பொசுபனேற்றுகளோ இலையில் தெளித்தாலும் உரியவழியே வேருக்கு இறங்கும். மரத்தின் எதிர்ப்பாற்றலையும் தூண்டும். வேர்நோய்க்கு இலையில் மருந்தா என வியக்கவேண்டியதில்லை. எனினும் ஒரே மருந்தை நம்பியிருத்தல் தகாது. 1977 அளவில் அறிமுகமான மெற்றலக்சிலுக்கு, 1980 இலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு நோயுயிர் பணியாதாயிற்று.

எம்மருந்தும் அழுகிய பட்டையை உயிர்ப்பிக்காது. அடிமரத்தைச் சுற்றிப் பெரும்பகுதி அழுகியபின் தெளிப்பது வீண்செலவே. நோயின் தொடக்கத்திலும், அயலில் நிற்கும் நலமான மரங்களைக் காப்பதற்குமே மருந்து உதவும். அதுவும் வாழும் நாட்டில் செரிக்கெனப் பதிவுபெற்றதாக இருத்தல் வேண்டும். சுட்டுத்துண்டிலுள்ள அளவை மீறலாகாது.

நண்பரின் மரம் இளவேனிலில் துளிர்க்கவில்லை. அருகே நின்ற இளமரத்தின் அடியில் குவிந்திருந்த மண்ணை நாம் அகற்றினோம். கூரைநீர் வடியும் குழாயை மறுபுறம் திருப்பினோம். மகலெப் ஒட்டுக்கட்டை இந்நோய்க்கு எளிதில் ஆளாவதால், வேறொரு கட்டையில் ஒட்டிய கன்றொன்றை வாங்கி, பழைய குழியைத் தவிர்த்து, மேடுகட்டி நட்டுள்ளார்.