இரண்டாவது வாசல்: அதிவேகப் புகையிரதம் தரும் வியாபாரப் பாடம்

உங்கள் கடைக்கு ஒரே ஒரு வாசல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வருவதும் அதனால்தான். லொறியில் வந்த சாமான்களை இறக்குவதும் அதனால்தான். வியாபாரம் பெருகப் பெருக இரண்டும் முட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரை வேகமாக நடக்கச் சொல்வதால் பயனில்லை. இன்னொரு வாசல் திறக்க வேண்டும்.

1950களில் ஜப்பான் இதே நெருக்கடியில் இருந்தது. டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த பழைய பாதை, அந்நாட்டுத் தேசிய புகையிரதப் பாதைகளின் மொத்த நீளத்தில் சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஆனால் பயணிகளிலும் சரக்கிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அதுவே சுமந்தது. கடுகதி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரே தண்டவாளம்.

இதற்குத் தீர்வாகப் பயணிகளுக்கென்றே 515 கிலோமீற்றர் நீளத் தனிப்பாதை அமைக்கப்பட்டு, 1964 ஒக்டோபர் 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணியாகவும், அடுத்த ஆண்டே 3 மணி 10 நிமிடமாகவும் குறைந்தது. இன்று ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒசாகா வியாபாரி காலையில் டோக்கியோ சென்று, சரக்கைப் பார்த்து, விலை பேசி முடித்து, இரவே வீடு திரும்பலாம். தங்குமிடச் செலவு மிச்சம். கடை பூட்டிக் கிடக்கும் நாளும் மிச்சம்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இலாபம் வேறொன்று. தூரப் பயணிகள் புதிய பாதைக்கு மாறியதால், பழைய பாதையில் சரக்கு வண்டிகளுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் இடம் கிடைத்தது. அதிவேக வண்டியில் ஒரு நாளும் ஏறாதவருக்கும் அதனால் பயன் உண்டு.

சரி, செலவு? உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. ஆனால் மொத்தச் செலவு, முதலில் மதிப்பிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்காகி 380 பில்லியன் யென் ஆயிற்று. திட்டத்தை முன்னின்று நடத்திய தேசிய புகையிரத நிறுவனத்தின் தலைவர் ஷின்ஜி சோகோ, திறப்பு விழாவுக்கு முன்பே, 1963 இல் பதவி விலக நேர்ந்தது. ஆனாலும் அந்தப் பாதை கூட்டம் குறையாமல் ஓடி இலாபம் ஈட்டியது. உலக வங்கிக் கடன் 1981 இல் அடைத்து முடிக்கப்பட்டது.

இதைப் பார்த்து எங்கும் அதிவேகப் பாதை போடலாம் என்று நினைப்பது தவறு. டோக்கியோவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள புக்குவோக்காவுக்கு அதே வகை வண்டி ஓடுகிறது. பயணம் சுமார் ஐந்து மணி நேரம் என்பதால் பெரும்பாலானோர் விமானத்தையே நாடுகின்றனர்.

ஆகவே பாதையை விரிவாக்கச் சொல்பவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரு முனைகளிலும் பெரிய நகரங்கள் உண்டா? மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாமா? பழைய பாதை ஏற்கனவே நிரம்பி வழிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அந்த முதலீட்டைத் தள்ளிப்போடுவதுதான் நட்டம்.

உங்கள் கடைக்கும் இதே கணக்குத்தான். வேகத்துக்குக் காசைக் கொட்டுமுன், நெரிசல் எந்த வாசலில் என்று பாருங்கள்.