பாட்டி இல்லாத ஈஸ்டர்

இயேசு கிறிஸ்து சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாளே ஈஸ்டர். தமிழில் இதனை உயிர்ப்பு ஞாயிறு என்பர். கிறிஸ்துமஸைப் போல இதற்குக் குறிப்பிட்ட தேதி கிடையாது. மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். நாட்காட்டியில் பௌர்ணமியைத் தேடி, "இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுது" என்று பாட்டி சொல்வார். இவ்வாண்டு அதைச் சொல்ல அவர் இல்லை. சென்ற டிசம்பரில் காலமாகிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம். அம்மா இறைச்சி சமைப்பதை நிறுத்தினார். அதில் மிச்சமான பணம் ஏழைகளுக்கான உண்டியலுக்குப் போனது. நானும் தேவாலயத்திற்குச் சென்றேன், முழந்தாளிட்டேன். ஆனால், செபிக்கவில்லை. பாட்டி குணமடைய வேண்டும் என்று எத்தனையோ இரவுகள் கேட்டேன். அது கிடைக்காத பிறகு வேறு என்ன கேட்பது? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புனித வெள்ளி சிங்கப்பூரில் பொது விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை, எங்கள் இளையர் குழு வாடகை வீடுகளில் தனித்து வாழும் முதியோருக்கு உணவு கொண்டுசென்றது. அப்பா வற்புறுத்தியதால்தான் நான் போனேன்.

நான்காவது வீட்டில் ஒரு தாத்தா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் உட்காரு தம்பி. சாப்பாடு வருது. கொண்டு வர்றவங்கதான் நிக்கிறதில்ல" என்றார். மீதிப் பொட்டலங்களை நண்பனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சுவரில் முருகன் படம்; அதனருகே மாலையிட்ட ஒரு பெண்மணியின் படம். அவருடைய மனைவியாம்.

"அவ போனப்புறம் ரெண்டு வருஷம் சாமி விளக்கே ஏத்தல. அவ்வளவு கோபம். அப்புறம் ஒருநாள், இருட்டுப் பிடிக்கல. ஏத்திட்டேன்" என்றார்.

பாட்டியைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஆறுதல் ஏதும் கூறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு ஓஃபியர் சாலையிலுள்ள லூர்து மாதா தேவாலயத்திற்குச் சென்றோம். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் அது. இன்று தேசிய நினைவுச்சின்னம். ஈஸ்டருக்கு முந்திய இரவில் நடக்கும் வழிபாட்டைப் பாஸ்கா திருவிழிப்பு என்பர். தேவாலயம் இருட்டாக இருக்க, புது நெருப்பை மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அந்த ஆண்டின் நான்கு எண்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு அந்த ஒரு சுடரிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக எல்லாரும் தம் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்வர். முன்வரிசையில் தோன்றிய வெளிச்சம் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து வருவதைப் பார்க்க வேண்டும்!

மெழுகு கையில் சொட்டாமலிருக்க, தாளில் துளையிட்டு மெழுகுவர்த்தியில் மாட்டித் தருவது பாட்டியின் வேலை. இம்முறை தங்கை என்னைப் பார்த்தாள். வழிபாட்டுத் தாளின் ஓரத்தைக் கிழித்து, துளையிட்டு மாட்டிக் கொடுத்தேன். என் சுடரில் அவள் ஏற்றிக்கொண்டாள். என் விரலில் மட்டும் மெழுகு சொட்டிச் சுட்டது. வியாழன் இரவிலிருந்து ஒலிக்காத மணிகள் ஒலித்தபோது கண்களை மூடினேன். எதையும் கேட்கவில்லை. கடவுளிடம் பாட்டியின் பெயரை மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலையில் வீடு கலகலப்பாக இருந்தது. அத்தை குடும்பத்தார் வந்திருந்தனர். கோழிப் பிரட்டல் மணத்தது. தங்கை வேகவைத்த முட்டைகளுக்கு வண்ணம் தீட்டினாள். ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவதால், முட்டை புதுவாழ்வின் அடையாளமாகிவிட்டது.

மாலையில் இரண்டு முட்டைகளை எடுத்துக்கொண்டு அந்தத் தாத்தா வீட்டுக்குப் போனேன். நீல முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சாப்பிடுறதா தம்பி, அழகுக்கு வைக்கிறதா?"

"சாப்பிடலாம் தாத்தா."

"அப்ப உள்ள வா. உப்பும் மிளகும் எடுத்துட்டு வர்றேன்."