அறுத்த வயலில் புறாச் சுடுவது ஏன்?



இங்கிலாந்தில் படிக்கும் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என் கடைக்கு வந்திருந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மகனோடு கிராமப் பாதையில் நடந்தபோது, அறுவடை முடிந்த வயலின் வேலியோரம் வலை கட்டி, அதற்குள் துப்பாக்கியுடன் ஒருவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டாராம். எதிரே புறாக்கள் விழுந்து கிடந்தனவாம். "தம்பி, கதிரை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்த பிறகு அந்த வயலில் காப்பதற்கு என்ன இருக்கிறது? எதற்காகச் சுடுகிறான்?" என்று என்னைக் கேட்டார்.

கேள்வி நியாயமான கேள்வி. சரக்கைக் காக்கும் தொழில் நம்முடையது. ஆகையால் இதை ஒரு பாடமாக எடுத்துக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

புறா எது?

அங்கே சுடப்படுவது நம் கடைத்தெருவில் திரியும் புறா அன்று. 'உட் பிஜியன்' என்று அழைக்கப்படும் காட்டுப் புறா. உடல் பெரிது, எடை ஏறக்குறைய அரைக் கிலோ. கழுத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு உண்டு. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பிரிட்டனில் இப்பறவை சுமார் 50 லட்சம் ஜோடி இருப்பதாகக் கணக்கு. முளைவிட்ட பயிர், பட்டாணி, முட்டைக்கோசு, ரேப் என்னும் கடுகின எண்ணெய்ப் பயிர், தானியம் ஆகிய யாவும் அதற்கு உணவு. குளிர்காலத்தில் பெருங்கூட்டமாக ஒரு ரேப் வயலில் இறங்கிவிட்டால் இலைகளைக் கொத்தி நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். விவசாயிக்கு அது உண்மையான நஷ்டமே.

அரிதாளில் என்ன கிடைக்கிறது?

அங்கே ஜூலை மாதத்தில் பார்லி அறுவடை தொடங்கும், ரேப்பும் அதை ஒட்டியே வரும், பிறகு கோதுமை. அறுவடை இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சிறிது மணி சிந்தவே செய்யும். அரிதாள்களின் நடுவே சிந்திய மணியைத் தேடிப் புறாக்கள் வரும். உழுது மூடும் வரையில் இந்த விருந்து நடக்கும்.

சிந்திய மணியால் விவசாயிக்கு லாபமில்லை. புறா தின்றாலும் மண்ணில் மக்கினாலும் அவருக்கு ஒன்றுதான். பெரியவர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் வேலிக்கு அப்பால் பார்க்க வேண்டும். அடுத்த வயலில் கோதுமை இன்னும் அறுக்கப்படாமல் நிற்கலாம். மழையும் காற்றும் அடித்துக் கதிர் சாய்ந்து கிடந்தால், புறா அதன்மேல் இறங்கி உட்கார்ந்து தின்னும். மற்றொரு பக்கத்தில் பட்டாணி முற்றியிருக்கலாம். ஆகஸ்டிலேயே விதைத்த ரேப் முளைவிட்டுக் கொண்டிருக்கலாம். அரிதாளில் கூடிய கூட்டம் அங்கும் போகும். விவசாயியின் அச்சம் இதுவே.

எவ்வாறு சுடுகிறார்கள்?

முதல் வேலை பார்ப்பது, சுடுவது பிறகுதான். முன்னதாகவே வந்து, புறாக்கள் எந்த மரத்திலிருந்து எந்த வழியாக எந்த வயலுக்குப் போகின்றன என்று கவனிப்பார்கள். அந்த வழியை ஒட்டி வேலியோரத்தில் வலையால் மறைவு கட்டுவார்கள். மறைவுக்கு முன்னே 20 முதல் 30 கஜ தூரத்தில் பார்வைப் புறாக்களை வைப்பார்கள். நம் ஊர் வேடர்கள் 'பார்வை' என்று சொல்வார்களே, அதே உபாயம்தான். இங்கே அவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பொம்மைகள். சுட்ட புறாக்களையும் வைப்பதுண்டு.

பறவை காற்றை எதிர்த்தே தரையிறங்கும். ஆகவே பொம்மைகளின் தலை பெரும்பாலும் காற்றின் பக்கம் திரும்பியிருக்கும். லாட வடிவில் வைத்து நடுவே வெற்றிடம் விடுவார்கள். வரும் புறா, "நம்மவர் மேய்கின்றனர், நடுவில் இடமும் இருக்கிறது" என்று நம்பி அங்கே இறங்கப் பார்க்கும். அப்பொழுது சுடுவார்கள்.

துப்பாக்கி பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். அதன் தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் விரிந்து செல்லும். 40 கஜத்துக்கு மேல் ரவை பரந்துவிடும். பறவை சாகாமல் காயத்தோடு பறந்துபோய் எங்கோ துன்புற்றுச் சாகும். நல்ல வேட்டைக்காரர் அத்தூரத்தில் சுட மாட்டார். அடிபட்டு விழுந்ததை உடனே தேடி எடுத்து அதன் வேதனையை முடிப்பதும் அவர் கடமை.

ரவை நெடுங்காலமாக ஈயத்தால் ஆனது. ஈயம் பறவைக்கும் அதை உண்பவர்க்கும் நஞ்சு என்பதால், வேட்டையில் ஈய ரவையை நிறுத்தப் போவதாகப் பிரிட்டிஷ் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. மாறிக்கொள்ள 3 ஆண்டு அவகாசமும் கூறப்பட்டது.

ரவை பட்டு உயிரோடு கைக்கு வந்த பறவையை அறுத்தாலன்றி நாம் உண்ணலாகாது. ரவையிலேயே உயிர் போனதைப் பற்றி ஆலிம்களைக் கேட்டே நடக்க வேண்டும். விருந்துக்கு அழைத்தவர் தட்டில் வைத்தார் என்பது போதாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் தவறாக எண்ணும் இடம் இது. புறா தொல்லைப் பறவை, ஆகையால் யாரும் எப்பொழுதும் சுடலாம் என்பது சரியன்று. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டம் எல்லாக் காட்டுப் பறவைகளையும் காக்கிறது. காட்டுப் புறாவும் அதில் அடக்கம். சுடுவதற்குப் 'பொது லைசென்ஸ்' என்னும் அனுமதி உண்டு. அதற்கு மனுப் போட வேண்டியதில்லை; ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்து அதன்படி நடக்க வேண்டும். பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுப்பதற்கே அனுமதி. விளையாட்டுக்காகவோ இறைச்சிக்காகவோ மட்டும் சுடுவது அதில் அடங்காது. விரட்டுதல் போன்ற வேறு வழிகளையும் கவனித்திருக்க வேண்டும். சட்டப்படி சுட்ட புறாவைப் பிறகு விற்கலாம்.

இங்கிலாந்தில் 2019 ஏப்ரலில், ஒரு வழக்கு முயற்சியை ஒட்டி, இருந்த பொது லைசென்சுகள் ரத்தாயின. விவசாயிகள் திகைத்தனர். அவ்வாண்டு ஜூனில் அரசு இலாகா புதியவற்றை வெளியிட்டது. பயிர்ச் சேதத்துக்கான அனுமதி 2021 முதல் 'ஜி.எல். 42' என்ற பெயரில் வெளிவந்தது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. 'ஸ்டாக் டவ்' என்னும் சிறிய புறா இதே வயலில் மேயும். அதற்கு வெள்ளைப் பட்டை கிடையாது. அதை இந்த அனுமதியின் கீழ் சுடலாகாது. காலில் வளையம் பூண்ட பந்தயப் புறாவும் தப்பிவந்து சேரும். அது பிறர் சொத்து.

எண்ணிக்கையும் பலனும்

1950களிலும் 1960களிலும் ஆர். கே. மர்ட்டன் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ்ஷயரில் இப்புறாவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குளிர்காலத்தில் எத்தனை புறா பிழைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அப்போது கிடைக்கும் உணவே என்று கண்டார். சுட்டவற்றில் பெரும்பகுதி எப்படியும் பட்டினியால் செத்திருக்கக் கூடியவை. ஆகையால் சுட்டுச் சுட்டு இனத்தைக் குறைத்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. குறிப்பிட்ட பயிரைக் குறிப்பிட்ட நேரத்தில் காக்கவே துப்பாக்கி உதவும். 1970களுக்குப் பிறகு குளிர்காலத்தில் பச்சையாக நிற்கும் ரேப் பயிர் பரவியது, புறாவும் பெருகியது.

இதைப் படித்தபோது எனக்கு என் கடை நினைவுக்கு வந்தது. ஒரு வருஷம் பின்கட்டில் எலிப்பொறி வைத்து, பிடித்த எலிகளைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு வந்தேன். கோடு ஏற ஏற எனக்குப் பெருமை. ஆனால் அரிசி மூட்டையில் குறைவது குறையவில்லை. பின்பு கதவடியில் இருந்த ஓட்டையை அடைத்தேன். மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினேன். நஷ்டம் நின்றது. செத்த எலியை எண்ணினேனே தவிர, மிஞ்சிய அரிசியை நான் எண்ணவில்லை. துப்பாக்கிக்காரரும் மாலையில் தம் புறாக்களை எண்ணுகிறார். அவர் எண்ண வேண்டியது அடுத்த வயலின் கோதுமையை.

கூட்டில் உள்ளவை

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்புறா பெரிதும் இனம் பெருக்கும் காலமும் இந்தத் தானிய காலமே. கூட்டில் இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி 17 நாள் அளவில் அடைகாக்கும். குஞ்சுக்கு இரண்டும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும். அரிதாளில் விழும் பறவை பலவேளை ஒரு கூட்டின் தாயோ தந்தையோ ஆகும். இரண்டும் விழுந்தால் குஞ்சு பட்டினியில் சாகும். காக்கும் பயிர் ஒன்றும் இல்லாதபோது இந்த விலையைக் கொடுப்பது எப்படித் தகும்?

பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அந்த மனிதரிடம், 'எந்தப் பயிரைக் காக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். வேலிக்கு அப்பால் கை நீட்டிக் காட்டினால் அவர் பக்கம் நியாயம் உண்டு. காட்ட ஒன்றுமில்லையென்றால், அவர் கையில் லைசென்சும் இல்லை, நியாயமும் இல்லை."

பெரியவர் சற்று யோசித்து, "அவர் கைகாட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன், தம்பி. பக்கத்தில் கோதுமை சாய்ந்துதான் கிடந்தது" என்றார். பிறகு, "ஆனால் நான் கேட்கவில்லையே" என்றும் சொன்னார்.

வாசகர்கள் வீட்டில் சிந்திக்க:

1. அரிதாளில் சிந்திய மணியால் விவசாயிக்கு நஷ்டமில்லை என்றால், அங்கே சுடுவதற்கு எப்போது காரணம் உண்டு?

2. காட்டுப் புறாவை மற்றப் புறாவிலிருந்து அறிவது எப்படி?

3. நம் கடையில் நாம் எண்ணி வருவது செத்த எலியையா, மிஞ்சிய அரிசியையா?