புது இடத்தில் வீடு வாங்குமுன் வரியைக் கணக்கிடுவது எப்படி?



பல்லரோச் சந்தையை அண்டிய வாடகை வீடுகளில் பலெர்மோ வாழ்க்கையைத் தொடங்கிய எங்கள் குடும்பங்களிற் சில இப்போது சொந்த வீடு தேடுகின்றன. மொன்றேயாலே, பகேரியா போன்ற அயல் நகரங்களிலும் விசாரிக்கிறார்கள். விலையைப் பேரம் பேசும் நாங்கள் வரி விடயத்தில் மட்டும், "நீங்கள் வருடம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?" என்று விற்பவரைக் கேட்டு அதையே நம்பிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் சோலைவரி வீட்டோடு போவது. சபை மதித்த ஆண்டுப் பெறுமதியின்படி அது கணக்கிடப்படும். இங்கோ வீட்டை மட்டுமன்றி, அதில் யார், எத்தனை பேர், எந்தப் பதிவோடு குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். ஆகவே விற்பவரின் வரி எங்கள் வரி ஆகாது.

முதலில் 'விசூரா கட்டஸ்தாலே' என்னும் பதிவேட்டுப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலுள்ள 'ரெண்டிற்றா' என்ற தொகையே கணக்குக்கு அடிப்படை. அது 500 யூரோ என்று வைத்துக்கொள்வோம்.

1. வாங்கும்போது கட்டும் பதிவு வரி: தனியாரிடம் வாங்கும் முதல் வீட்டுக்கு 500-ஐ 115.5 ஆற் பெருக்கினால் 57,750. அதில் 2 வீதம் 1,155 யூரோ. (எப்படியும் 1,000 யூரோவுக்குக் குறையாது.) வேறு இரு சிறு வரிகள் 50 யூரோப்படி 100. மொத்தம் 1,255. முதல் வீட்டுச் சலுகை இல்லாவிட்டால் 126 ஆற் பெருக்கி 9 வீதம். அது 5,670, மொத்தம் 5,770 யூரோ. விலையை விட்டு ரெண்டிற்றாவின்படி கணக்கிடும்படி, உறுதி எழுதும்போதே நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். இத்தாலியக் குடியுரிமை இல்லாதவருக்கும் சலுகை உண்டு. ஆனால் அந்த நகரசபையில் ஏற்கெனவே வதியாதவர், 18 மாதத்துக்குள் வதிவிடப் பதிவை அங்கே மாற்ற வேண்டும். தவறினால் வித்தியாசத்தோடு அபராதமும் வட்டியும் வரும். கட்டட நிறுவனத்திடம் வாங்கினால் கணக்கு வேறு.

2. ஆண்டு வரியான 'இமு': 500-ஐ 1.05 ஆலும் பின் 160 ஆலும் பெருக்கினால் 84,000. நகரசபையின் வீதம் 1.06 எனில் வருடத்துக்கு 890 யூரோ; 0.86 எனில் 722. வீதம் நகரசபைக்கு நகரசபை மாறும். வாங்கும் இடத்தின் வீதத்தையே பார்க்க வேண்டும். தவணைகள் யூன் 16, டிசெம்பர் 16. ஆடம்பர வகை வீடுகள் தவிர, சொந்தக்காரர் பதிவோடு வசிக்கும் பிரதான வீட்டுக்கு இமு இல்லை. விற்பவர் "ஒன்றும் கட்டுவதில்லை" என்று சொல்வது இதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உறுதி எழுதிவிட்டு, "ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும்" என்று புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்த்துக் காத்திருப்பது எங்கள் வழக்கம். குடிபுகுந்து பதிவை மாற்றும்வரை இமு ஏறிக்கொண்டே இருக்கும். மேற்சொன்ன 890 யூரோ கணக்கில் அது மாதம் 74 யூரோ. நல்ல நாள் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. நாளை முதலிற் பார்த்துவிட்டு உறுதித் திகதியை அதற்கு அண்மையாக வைக்கலாமே!

3. குப்பை வரியான 'தாரி': இது வீட்டின் சதுர மீற்றரையும் குடியிருப்போர் தொகையையும் பொறுத்தது. தனியாக வாழ்ந்த மூதாட்டியின் சிட்டையைப் பார்த்து, அப்பம்மாவோடு ஆறு பேர் குடிபுகும் குடும்பம் கணக்கிடக்கூடாது. பிரதான வீடு என்றாலும் தாரி உண்டு.

கைப்பணம் கொடுக்குமுன் இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நொத்தாரிசிடம் காட்டிச் சரிபாருங்கள். பல வருட உழைப்பிற் சேர்த்த காசு. ஒரு மாலை நேரக் கணக்கு அதைக் காக்கும்.