முதிய வாடகைதாரருக்குச் சலுகை: கடமையா, கணக்கா?

ஏற்காட்டில் கடை நடத்தும் நம்மில் பலர் வாடகைதாரர்கள். கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களிலும் நம்மவர்கள் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியை ஒரு பக்கம் மட்டும் நின்று பார்க்க இயலாது.

ஏப்ரல், மே சீசனில் ஏரிப் பக்கம் கூட்டம் சேருகிறது. அதைக் கண்டு வாடகையை உயர்த்தத் தோன்றுவது இயல்பு. ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் மலைக் கிராமத்தாருக்கும் அரிசி, பருப்பு விற்கும் முதிய மளிகைக்காரருக்கு அந்தக் கூட்டத்தால் பெரிய வரவு இல்லை. பற்று எழுதித்தான் வியாபாரம். எழுபது வயதில் வேறிடம் போய்ப் புதிதாக வாடிக்கை பிடிப்பது நடக்கிற காரியமா?

சட்டம் சொல்வது

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்ற ஏற்பாடு இருந்தது. கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்குக் குடியிருப்புக்கு 9 சதவீதமும், கடைக்கு 12 சதவீதமும் என்று கணக்கிடப்பட்டது. வாடகைதாரரின் வயது அந்தக் கணக்கில் வரவில்லை.

அதற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் நகர்ப்பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை என்பது இருவரும் செய்துகொள்ளும் எழுத்துமூல ஒப்பந்தப்படிதான். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கோரவும் இதில் வழி உண்டு. வாய்ப்பேச்சிலேயே காலம் தள்ளிய பெரியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தங்கள் கடை இச்சட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 60 வயதானவர்களைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீதும் உறவினர் மீதும் வைக்கிறது. வீட்டுக்காரர் மீது வைக்கவில்லை.

அயல்நாட்டு முறை

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1970 முதல் ஒரு திட்டம் உள்ளது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில் குடியிருக்கும், 62 வயது நிறைந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகை உயராமல் நிறுத்தப்படுகிறது. அந்த இழப்பை உரிமையாளரின் சொத்து வரியில் நகராட்சி கழித்துக்கொடுக்கிறது. சலுகை பெரியவருக்கு, செலவு பொதுப் பணத்தில். இங்கே அப்படி இல்லாதபோது முழுச் சுமையையும் உரிமையாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது. வாடகையை நம்பியே அடுப்பெரிக்கும் முதிய உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு கடைக்கு ரூ.10,000 வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெரியவருக்கு ரூ.1,000 குறைத்தால் ஆண்டுக்கு ரூ.12,000 நஷ்டம். அவரைக் காலி செய்து கடை இரண்டு மாதம் பூட்டிக்கிடந்தால் ரூ.20,000 போகும். வெள்ளையடிப்பு, ஷட்டர் பழுது தனி. மாதம் தவறாமல் வாடகை தரும் மனிதரை இழப்பதும் நஷ்டமே. ஆனால் வித்தியாசம் ரூ.4,000, ரூ.5,000 என்றால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது பேசித்தான் தீர்க்க வேண்டும்.

நம் கருத்து

1. வயதை மட்டும் பார்த்துச் சலுகை வேண்டாம். தேவையைப் பார்த்துத் தரலாம். மகன் நன்றாகக் கடை நடத்தும் இடத்தில் சலுகை கேட்பது முறையன்று.

2. சலுகைக்குக் காலம் குறித்து, எத்தனை ரூபாய், எதுவரை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

3. வாடகையைக் குறைக்க இயலாதவர் உயர்வையாவது ஓராண்டு தள்ளிவைக்கலாம். சீசனில் சற்றுக் கூடுதல், மழைக்காலத்தில் குறைவு என்றும் பேசிக்கொள்ளலாம்.

4. வாடகைதாரர் ரசீது வாங்கி வைக்கட்டும். கடைக்குப் பின் யார் என்பதையும் இப்போதே சொல்லிவிடட்டும்.

சலுகை சட்டக் கடமை அல்ல. ஆனால் நேற்று நமக்குக் கடன் சரக்கு கொடுத்துக் கைதூக்கிவிட்ட மூத்த வியாபாரிகள் இவர்கள். நாளை நமக்கும் அந்த வயது வரும் என்பதை மறக்க வேண்டாம்.