கிடார் இல்லாமல் கிடார் பயிற்சி
(பத்தாம் வகுப்பு மாணவி)



"நீச்சல் பழகத் தண்ணீர் வேண்டும், கிடார் பழகக் கிடார் வேண்டாமா?" என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் நம் பள்ளிப் பாடகர் குழுவில் இருப்பவை இரண்டே கிடார்கள். கற்க விரும்புகிறவர்களோ எட்டுப் பேர். எனக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு நாள், நாளுக்குக் கால் மணி நேரம். வீட்டில் கிடார் இல்லை. வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

இந்தக் குறையை இசை கற்பிக்கும் சிஸ்டரிடம் ஒருநாள் சொல்லி அழுதேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "கிடார் பள்ளிக்கூடத்தில் இருந்தால் என்ன? விரல்கள் உன்னிடம்தானே இருக்கின்றன!" என்றார்கள். அன்று அவர்கள் காட்டித் தந்ததையும், பிறகு நானே படித்தும் பட்டும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

விரல்கள் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

முதலில் ஒரு சிறு சோதனை. இடக்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மற்ற விரல்களை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள், எழும்பும். சுண்டு விரலும் எழும்பும். மோதிர விரலைத் தூக்குங்கள், பார்ப்போம்! பசை போட்டு ஒட்டியது போல் கிடக்கும்.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. விரலை அசைக்கும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, தசைநாண்கள் என்னும் கயிறுகளால் விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மறைவில் நின்று நூலை இழுப்பது போல! புறங்கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நாண்களைக் குறுக்கே சிறு பட்டைகள் இணைக்கின்றன. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தூக்குவதற்குத் தனித் தசை உண்டு. மோதிர விரலுக்கு அது இல்லை. ஆகவே, "என் விரல் மட்டும்தான் மோசம்" என்று யாரும் வருந்த வேண்டாம். எல்லாருடைய மோதிர விரலும் அப்படித்தான். நாம் பயிற்சியால் பெறுவது புதுத் தசையை அன்று. இருக்கும் தசைகளை மூளை இன்னும் நுட்பமாக ஆளும் திறமையை.

பயிற்சிகள்

கிடாரில் இடக்கை ஆள்காட்டி விரலுக்கு 1, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 3, சுண்டு விரலுக்கு 4 என்று எண் கொடுப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. கையைச் சூடாக்குதல்: உள்ளங்கைகளைத் தேய்த்து, விரல்களை மெல்ல விரித்து மூடுங்கள். பத்து முறை போதும்.

2. மேசை நடை: கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பது போல் விரல்களை வளைத்து, நுனிகளை மேசைமேல் வையுங்கள். 1-2-3-4 என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு விரல் எழும்போது மற்ற மூன்றும் மேசையை விட்டு எழக்கூடாது. அடுத்து 1-3-2-4, பின்னர் 1-4-2-3 என்று வரிசையை மாற்றுங்கள். மொத்தம் எத்தனை வரிசைகள் வரும்? 4×3×2×1=24. கணக்கு வகுப்பில் கற்றது இப்படி விரல் நுனிக்கே வந்தது! ஒவ்வொரு விரலில் தொடங்குபவையும் ஆறு. நாளுக்கு ஆறு வீதம் நான்கு நாளில் ஒரு சுற்று முடியும்.

3. கட்டை விரலைத் தொடுதல்: மற்ற நான்கு விரல் நுனிகளாலும் கட்டை விரலின் நுனியை 1, 3, 2, 4 என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். பேருந்தில் நின்றுகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

4. வலக்கைக்கு: ஸ்பானிய முறையில் கட்டை விரல் தடித்த மூன்று தந்திகளையும், அடுத்த மூன்று விரல்கள் ஆளுக்கொன்றாக மெல்லிய மூன்று தந்திகளையும் மீட்டும். முழங்காலின்மேல் கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் என்று ஒரே சீராகத் தட்டிப் பழகுங்கள். வேகம் வேண்டாம், சுவர்க் கடிகாரத்தின் 'டிக் டிக்' போதும்.

5. இரு கையும் சேர்த்து: கர்நாடக இசை பயிலும் தோழியர் இதில் நம்மை வென்றுவிடுவார்கள். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ணி, தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு என எட்டு அட்சரங்களை முடிப்போம் அல்லவா? அதை வலக்கையில் போட்டுக்கொண்டே, இடக்கையால் 1-2-3-4 என்று இரண்டு முறை தட்டுங்கள். முதல் நாள் நான் தடுமாறியதைப் பார்த்து என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

6. ஊமைக் கிடார்: என் அப்பா தச்சுவேலை செய்பவர். நான் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பல நாள் பார்த்தவர், ஒரு மாலையில் 2 அங்குல அகல ரீப்பர் துண்டு ஒன்றை இழைத்துக் கொண்டுவந்து, "இதில் கோடு போட்டுக்கொள், அம்மா" என்றார். ஆறு நீளக் கோடுகள் தந்திகள். குறுக்குக் கோடுகள், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள். 65 செ.மீ. தந்தியுள்ள கிடாரில் மெட்டுகளின் இடைவெளி முறையே சுமார் 3.6, 3.4, 3.2, 3.1 செ.மீ. என்று குறைந்துகொண்டே போகும். அதன்படி வரைந்தோம். 'சி' கார்டுக்கு 1-ஆம் விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலும், 2-ஆம் விரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், 3-ஆம் விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலும் அமர வேண்டும். கையை எடுத்துவிட்டு, மூன்று விரல்களும் ஒரே நேரத்தில் இறங்கும்படி மறுபடி வையுங்கள். இந்தக் கட்டையில் ஒலி வராது. ஆனால் எனக்கு அது எந்தக் கிடாருக்கும் குறைந்ததன்று.

7. மனத்தில் வாசித்தல்: கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலும் எங்கே வைக்கப்படுகிறது என்று நினைத்துப் பார்ப்பது. இது வெறும் கனவன்று. 1995-இல் பாஸ்குவால்-லியோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பியானோ அறியாத சிலர் ஒரு ஐவிரல் பயிற்சியை ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். வேறு சிலர் அதையே விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தார்கள். மூளையில் விரல்களை ஆளும் பகுதி இரு சாராருக்கும் ஒரே விதமாக விரிந்திருந்தது. வாசிப்பில் மனப்பயிற்சியாளர் சற்றுப் பின்தங்கினாலும், பியானோவில் ஒரே ஒருமுறை இரண்டு மணி நேரம் பழகியதும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததும் அவசரம் வந்துவிட்டது. சிஸ்டர் சொல்லாத ஒன்றை நானாகச் செய்தேன். மோதிர விரலில் ரப்பர் வளையம் மாட்டி, வலித்த பிறகும் தினம் ஒரு மணி நேரம் இழுத்தேன். விரல் வீங்கிவிட்டது. மூன்று வாரம் அதை மடக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் இரவில் என் இடத்தில் வேறொரு தோழி வாசிக்க, நான் பாடுவோர் வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் சிஸ்டர் எனக்கு ஜெர்மானிய இசை மேதை ராபர்ட் ஷூமனின் (1810–1856) கதையைச் சொன்னார்கள். பியானோக் கலைஞராக விரும்பிய அவர், விரலை வலுவாக்க ஒரு கருவியைப் பயன்படுத்தினார். இருபத்திரண்டு வயதுக்குள் வலக்கையில் ஒரு விரல் பயனற்றுப்போனது. கருவி மட்டுமே காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் மேடையை இழந்தது உண்மை. பிறகு இசை இயற்றுவதிலேயே புகழ் பெற்றார்.

இன்னொரு கதையும் உண்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953) என்ற கிடார் கலைஞரின் வண்டி வீடு 1928-இல் தீப்பற்றியது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. அவரோ மீதி இரண்டு விரல்களைப் பொறுமையாகப் பழக்கி, உலகம் வியக்கும் கலைஞரானார். ஒருவர் இல்லாத வலிமையை விரைவில் தேடினார். மற்றவர் இருந்ததைக் கொண்டு நிதானமாக உழைத்தார்.

ஆகவே, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். வலித்தால் உடனே நிறுத்துங்கள். விரல் மரத்துப்போனாலும் நிறுத்துங்கள்; வலி தொடர்ந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மேலும், தந்தியை அழுத்துவதால் விரல் நுனியில் ஏறும் காய்ப்பும், ஒலி தூய்மையாக இருக்கிறதா என்று கேட்கும் செவியும் கிடாரில்தான் கிடைக்கும். மேசை அவற்றைத் தராது. ஆனால் கிடைக்கும் கால் மணி நேரத்தில் விரலைத் தேடிக்கொண்டிராமல் இசையைத் தேட, இப்பயிற்சிகள் உதவும்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் மோதிர விரலும் நகர்ந்தது. ஈஸ்டர் திருப்பலியில் இரண்டு பாடல்களுக்கு நான் வாசித்தேன். கடைசி வரிசையில் நின்ற அப்பாவை வாசித்து முடித்ததும் தேடினேன். அவர் இடக்கை விரல்கள் முன்னிருந்த பெஞ்சின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!